இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட படம்

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது பெட்டியோடு ஒரு நீளமான அட்டைக் குழாயையும் கொண்டுவந்தாள். பம்பாயிலிருந்து ரயிலில் திருச்சி வரை, பிறகு குன்றாண்டார்கோவில் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுக்கு, அங்கே வளைகாப்பு முடிந்ததும் என்னோடு அரிமளத்துக்கு என்று வழி முழுக்க அந்தக் குழாய் அவள் கையைவிட்டு இறங்கவில்லை. புதுக்கோட்டை பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவள் கைவளையல்களையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, நாயனமா?" என்று கேட்டாள்.

"படம்ங்க."

"என்ன சாமி?"

"சாமி இல்லைங்க. சும்மா படம்."

"சும்மாவா?" அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "சும்மா ஒரு படத்தையா வயித்துப் புள்ளையோட இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வாரே?"

அப்போது நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

என் மருமகன் பம்பாயில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். காலண்டர், சீசாக்களில் ஒட்டும் லேபிள் எல்லாம் அங்கே அச்சாகும். அதோடு ஓவியர்கள் வரைந்த நவீன ஓவியங்களையும் அப்படியே பிரதி எடுத்து அச்சடிப்பார்கள். ஆள், மரம், வீடு என்று எதுவும் இல்லாமல் நிறமும் கோடும் மட்டுமாக இருக்கும் ஓவியங்கள். ஓட்டல்காரர்கள், டாக்டர்கள், மாடி வீட்டுக்காரர்கள் வாங்கிப்போய்க் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டுவார்களாம். நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும்போது ஒரு நிறம் மயிரிழை விலகி விழுந்தாலும் அந்தத் தாளைக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்த தாள்களை மருமகன் கேட்டு வாங்கிவருவார். அவர்கள் இருந்த ஒற்றை அறையின் சுவரில் அப்படி ஒன்று இருந்தது. அதே ஓவியர் வரைந்த இன்னொன்றைத்தான், பிரசவம் வரை பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி இவளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். ரயிலில் கண்ணாடி உடையும் என்பதால் இங்கே வந்து சட்டம் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

அரிமளம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் புதுக்கோட்டையிலேயே, படத்துக்குக் கண்ணாடி போடும் கடைக்குப் போனோம். கடை முழுக்க முருகனும் லட்சுமியும். ஒரு பக்கம், மாலைக்காகக் காத்திருக்கும் பெரியவர்களின் போட்டோக்கள். கடைக்காரர் தாளை மேஜைமேல் விரித்து நான்கு மூலையிலும் எடை வைத்தார். மேஜையைச் சுற்றி ஒரு சுற்று வந்து பார்த்தார்.

"டீச்சர், இதுல மொகம் எங்கிட்டு இருக்கு?"

"மொகம் இல்லைங்க" என்றாள் என் மகள்.

"அப்ப பொட்டு வைக்கிறதுக்கு?"

"பொட்டும் வேண்டாங்க."

"மாலை போட ஆணி?"

"வேண்டாங்க."

"ஜரிகைக் காகிதமாச்சும் சுத்தி ஒட்டவா? மொட்டையா இருக்கே."

அதுவும் வேண்டாம் என்றதும், அவர் என்னைப் பார்த்தார். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் மாணவிகளின் வீட்டார் பலர் அவர் கடைக்கு வருகிறவர்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மெல்லிய கறுப்புச் சட்டம் போட்டுப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

படம் இப்படி இருக்கும். தாள் முழுக்கக் காய்ந்த வயலின் நிறம். நடுவில் கறுப்பாக, கட்டைபோல் ஒன்று நிற்கும். அதன் தோளில் சாய்ந்தபடி ஒரு சிவப்பு, ஓரம் கிழிந்த துணிபோல. கீழே மஞ்சளாக ஒரு கோடு கிளம்பிப் பாதியில் நின்றுவிடும். அந்தச் சிவப்புதான் கறுப்பின்மேல் மயிரிழை ஏறிவிட்டதாம். என் மகள் விரலை வைத்துக் காட்டினாள். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி படுக்கும் அறையில், கண் விழித்ததும் பார்வை படுகிற சுவரில், தவழுகிற கிருஷ்ணர் படம் மாட்டுவது வழக்கம். பார்ப்பது போலப் பிள்ளை பிறக்கும் என்பார்கள். அவள் வருவதற்கு முன்பே நான் ஜவுளிக்கடைக் காலண்டரிலிருந்து அந்தப் படத்தைக் கத்தரித்துக் கட்டிலுக்கு எதிரே ஒட்டிவைத்திருந்தேன். வெண்ணெய்ப் பானையும் தொப்பை வயிறும் பால் நிறக் கன்னமுமாக நல்ல கிருஷ்ணர். வந்த மறுநாளே அவரைப் பதமாக உரித்து அடுப்படிக்கு அனுப்பிவிட்டு அதே இடத்தில் தன் படத்தை மாட்டினாள் மகள்.

என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்தவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"வைக்கப்போர்ல தீப்பிடிச்ச மாதிரில்ல இருக்கு."

"அப்படித் தோணுனா அப்படியே வச்சுக்கங்கப்பா."

"தீயணைக்க ஆளக் காணோமே" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். அவருக்கு அத்தோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. பால் குடிக்க முடியாமல் சில நாள் இருந்து போய்விட்டது. அந்த வருஷம் நான் மாசமாக இருந்தபோது காலையில் ஒரு சூரிய கிரகணம் வந்திருந்தது. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது அதைத்தான். அன்றைக்கு வெளியே வந்தாயா, அரிவாள்மணையைத் தொட்டாயா, எதையாவது கிள்ளினாயா. நான் வரவில்லை என்றேன். தொடவில்லை என்றேன். கேட்டவர்கள் போய் அடுத்தவர்கள் வந்து அதையே கேட்டார்கள். கேட்கக் கேட்க, விடியற்காலை கிணற்றடிக்குப் போனது போலவும் வெளிச்சம் ஒரு மாதிரி மங்கி இருந்தது போலவும் எனக்கே ஒரு ஞாபகம் உண்டாகிவிட்டது. அது உண்மையில் நடந்ததா, அவர்கள் எனக்குள் போட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதன்பிறகு நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, விளக்கும் பந்தும் வைத்துக் கிரகணம் எப்படி உண்டாகிறது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டேன். பந்தின் நிழல் விழும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கிணற்றடி தெரியும்.

அதற்கு அடுத்த வருஷம் பிறந்தவள்தான் இந்த மகள். அவளுக்குப் பிறகு எனக்குப் பிள்ளை இல்லை.

ஆகவே, படம் பிள்ளையை ஏதும் செய்யும் என்று நான் பயந்தேனா என்று கேட்டால், அதைவிட வேறொன்றுக்குப் பயந்தேன். ஏதாவது ஆனால், ஊர் கையை நீட்டிக் காட்ட ஒரு பொருள் அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. என் மகளும் ஆயுசுக்கும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அது நடக்கக் கூடாது.

சம்பந்தியம்மா, மருமகனின் தாயார், ஒருநாள் காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கருப்பட்டி, சுக்கு, கோழி முட்டை என்று ஒரு பை நிறைய. நாங்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனசுக்காரர். குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. மருமகளைத் தடவிக் கொடுத்து, வயிற்றைப் பார்த்து, "கீழ எறங்கி வந்துருச்சு, பொம்பளப் புள்ளதான்" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது என்னா ஆத்தா?"

"படம் அத்தை. ஒங்க மகன் குடுத்துவிட்டது."

"எம்மகனா? அவனுக்கு என்ன கிறுக்கா?" பக்கத்தில் போய்ப் பார்த்தார். "கண்ணு இல்ல, மூக்கு இல்ல. கை எது, காலு எது? புள்ளத்தாச்சி கண்ணு முழிக்கிற எடத்துல மாட்டுற படமா இது? ஏன் மதினி, படிச்சவுகதான நீங்க, ஒங்களுக்குமா தெரியல?"

"நான் சொன்னேன் மதினி..."

"சொன்னா ஆச்சா? கழட்டிப் போட வேண்டாம்?"

"எனக்குப் பிடிச்சிருக்கு அத்தை" என்றாள் மகள். "பாத்துக்கிட்டே படுத்திருந்தா மனசு அமைதியா இருக்கு. அங்க எங்க ரூம்ல இருக்கிற மாதிரி இருக்கு."

"ஒனக்கு அமைதி. உள்ள இருக்கிறதுக்கு?"

மத்தியானம் வரை அது ஓயவில்லை. சாப்பிடும்போதுகூட எழுந்துபோய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒத்தப் புள்ள மதினி. அவன் வம்சம் அந்த வயித்துல இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் ஒங்க மகளத்தான் கேப்பேன். வேற யாரக் கேக்க?"

அவர் போனபின் அறைக்குள் வந்தேன். படத்தைக் கழற்றிவிடலாம் என்றேன். ஏன் என்றாள். அவளுக்கு அண்ணன் ஒருவன் பிறந்து போனது தெரியும். கிரகணப் பேச்சு தெரியாது. அன்றைக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது.

"சரி, ஒண்ணு செய்வோம்" என்றாள். "ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டுருவோம். ஒரு பக்கம் ஒங்க கிருஷ்ணர். மறுபக்கம் எம்படம். அத்தை வந்தா கிருஷ்ணர், போனா எம்படம். யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கோ மூச்சு விட வழி கிடைத்த மாதிரி இருந்தது. சனிக்கிழமையே படத்தையும் கிருஷ்ணரையும் எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் அட்டை வைத்து, இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு, எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளும்படி மேல்சட்டத்தில் கயிறு கட்டினார். கிருஷ்ணரைப் பார்த்ததும் அவருக்கு முகம் தெளிந்தது. "இப்பத்தான் டீச்சர் படம் மாதிரி இருக்கு" என்றார். கேட்காமலே கிருஷ்ணரைச் சுற்றி ஜரிகை ஒட்டிக் கொடுத்தார்.

பிரசவத்துக்கு முன் சம்பந்தியம்மா தங்குவதற்கே வந்துவிட்டார். கிருஷ்ணரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றார். காலையில் அவர் ஊருணிக்குக் குளிக்கப் போகும் நேரம் என் மகள் படத்தைத் திருப்பிவிடுவாள். திரும்பி வரும் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் மறுபடி திருப்புவேன். ஒருநாள் அவர் சோப்பை மறந்து பாதியில் வந்துவிட்டார். நான் சட்டத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"என்ன மதினி?"

"தூசி தொடைக்கிறேன் மதினி."

"நேத்துத்தான தொடச்சீக? கிருஷ்ணருக்கு மூச்சு முட்டப் போகுது."

கட்டிலில் இருந்தவள் சிரிப்பை அடக்கத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

வலி கண்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை. முதல் நாளெல்லாம் மழை பெய்ததால் சம்பந்தியம்மா வெளியே போகவில்லை. அதனால் படம் கிருஷ்ணர் பக்கமாகவே இருந்தது. நர்ஸம்மா வந்தார். மத்தியானம் பள்ளிக்கூட மணி கேட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். நல்ல குரல். அழுகையைக் கேட்டு வாசலில் என் வீட்டுக்காரர் யாரிடமோ "கேட்டீகளா, தொண்டைய?" என்று சொல்வது உள்ளே கேட்டது. ஆனால் உள்ளே நர்ஸம்மாவும் சம்பந்தியம்மாவும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமான மௌனம். எட்டிப் பார்த்தேன்.

உதடு நன்றாக இருந்தது. நான் முதலில் பார்த்தது உதட்டைத்தான். பிறகுதான் இடது கன்னம். காதோரத்தில் தொடங்கிக் கன்னம் முழுக்கப் பரவிக் கழுத்து வரை இறங்கிய அடர்ந்த சிவப்பு. ரத்தம் என்று நினைத்து நர்ஸம்மா ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்திருக்கிறார்.

"பிறவித் தழும்புங்க. உயிருக்கு ஒண்ணும் இல்ல. பால் குடுங்க" என்றார்.

சுத்தம் செய்து கட்டிலை நகர்த்தும்போது சட்டம் இடித்து ஆணியிலிருந்து கழன்றது. சம்பந்தியம்மாதான் கீழே விழாமல் பிடித்தார். பிடித்தவர் கண்ணுக்கு நேரே பின்பக்கப் படம் இருந்தது. அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. படத்தைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கட்டிலில் வைத்து, குனிந்து, இதையும் அதையும் பார்த்தார்.

"அதே செவப்பு" என்றார்.

பிள்ளை பார்க்க ஊர் வந்தது. நான் பயந்தபடியே வந்தது. அதே குரல், அதே கேள்வி, கிரகணத்துக்குப் பதிலாகப் படம். கதவைச் சாத்திவிடலாம் என்று நான் நினைத்தேன். என் மகளோ படத்தைக் கொண்டுவரச் சொல்லி, கூடத்தில் தொட்டிலுக்கு மேலேயே தன் பக்கம் தெரியும்படி மாட்டச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அவள் அப்பா வந்து மாட்டினார்.

"பாருங்க" என்பாள் வருகிறவர்களிடம். "நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. படத்துல செவப்பு எந்தப் பக்கம் இருக்கு? பிள்ளைக்கு எந்தப் பக்கம்? படத்துல கறுப்பும் இருக்கே, அது எங்க? மஞ்சக் கோடு எங்க? எங்க ரூம்ல தெனமும் பாத்த படம் முழுக்க நீலம். இவகிட்ட நீலத்தக் காட்டுங்க பாப்போம்."

வந்தவர்கள் படத்தையும் தொட்டிலையும் பார்ப்பார்கள். சிலருக்குச் சிரிப்புக்கூட வந்தது. "அட ஆமா, அங்கிட்டு வலது, இங்கிட்டு எடது" என்று ஒருத்தி ஒப்புக்கொண்டாள். "கண்மாய்க்கரையில பொழுது எறங்குற மாதிரி இருக்கே" என்று ஒரு பெண் படத்தையே ரசித்துக்கொண்டு நின்றுவிட்டாள். என் மகள் ஜெயித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் போனபின் அவள் முகம் எப்படி விழும் என்பது எனக்குத்தான் தெரியும். சம்பந்தியம்மா மட்டும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பேத்தியைத் தூக்குவார். குளிப்பாட்டுவார். எப்போதும் தழும்பு இருக்கும் கன்னம் வெளிப்பக்கமாக, தன் கண்ணுக்குப் படாத மாதிரிப் பிடித்துக்கொள்வார். அதை நான் பார்த்தேன். என் மகளும் பார்த்தாள்.

மருமகன் லீவு கிடைத்து வந்தார். பயணத் தூசியோடு நேரே தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். தாளைத் தூக்கிப் பார்ப்பது போல. பிறகு மனைவியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"செவப்பு கொஞ்சம் தள்ளி விழுந்துருச்சு. அவ்வளவுதான். இந்தத் தாளை நம்ம கழிக்கிறதா இல்ல."

அவள் அழுதாள். பிள்ளை பிறந்து அதுவரை அழாதவள்.

பேர் வைக்கும் அன்று வீட்டில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஊரும் இருந்தது. சடங்கு முடிந்து பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம், சம்பந்தியம்மா திடீரென்று கேட்டார்:

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். வலி வந்த அன்னிக்கு அந்தப் படம் எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சு?"

"கிருஷ்ணர் பக்கம்தான் அத்தை" என்றாள் மகள் உடனே. "நீங்கதான இருந்தீங்க. மழைன்னு முதல் நாளெல்லாம் உள்ளயே இருந்தீங்க. ரெண்டு நாளா நான் பாத்தது கிருஷ்ணரத்தான். இப்பச் சொல்லுங்க."

சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். அது மருமகளாக இருக்க வேண்டாம் என்றும் அவருக்கு ஆசை இருந்தது. அதற்குள் அவர் பக்கத்துச் சொந்தக்காரி ஒருத்தி வெற்றிலையை மென்றபடியே சொன்னாள்: "முன்னால நின்னு பாக்கிறது ஒண்ணும் செய்யாது ஆத்தா. சாமிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கீக பாரு, அது எப்பிடிச் சும்மா இருக்கும்?"

"ஆமா" என்றார் சம்பந்தியம்மா. கண்கள் என் மகளிடம் போயின. "யாரு ஒளிச்சு வச்சது?"

மகள் வாயைத் திறந்தாள். யோசனை அவளுடையது. தலையை நிமிர்த்திச் சொல்லியிருப்பாள். சொன்னால், எனக்கு ஒட்டிக்கொண்டது போல அவளுக்கும் ஒரு கிணற்றடி.

"நான்தான் மதினி" என்றேன். "நான்தான் கடைக்குக் கொண்டுபோய் ரெண்டு கண்ணாடி போட்டேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

"அம்மா!"

"நீ சும்மா இரு. நான்தான் மதினி. ஒங்களுக்குத் தெரியாம நான் செஞ்ச வேலை. எம்மேல தப்பு."

சம்பந்தியம்மா என்னையே பார்த்தார். அவர் தோள் இறங்குவது தெரிந்தது. திட்டவில்லை. "படிச்சவுக நீங்க, இப்பிடிப் பண்ணலாமா மதினி" என்று மட்டும் சொன்னார், கிட்டத்தட்ட அன்பாக. பிறகு என் மகளின் தலையைத் தடவினார். "எம் மருமகள நான் எதுக்கு ஆத்தா சொல்லப்போறேன்? அவ என்ன செய்வா?" என்று சொல்லிக்கொண்டே தொட்டிலிலிருந்து பேத்தியை எடுத்தார். முதல் தடவையாக அந்தச் சிவந்த கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி முத்தம் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எல்லோரும் போனபின் மகள் அடுப்படிக்கு வந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"ஒம்மேல வரக் கூடாதுன்னுதான்."

"படத்தால வரலன்னு இத்தன நாளா நான் ஒவ்வொருத்தரா உக்கார வச்சுச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரே வார்த்தையில படத்தாலதான்னு ஆக்கிட்டீங்க. எம்மேல இல்லாட்டி என்ன? தப்புன்னு ஒண்ணு இருக்குன்னு ஆயிருச்சுல்ல? நாளைக்கு இவ பெரியவளாகிக் கேட்டா ஊரு சொல்லும், அம்மாச்சி ஒளிச்சு வச்ச படத்தால வந்ததுன்னு. அப்ப நான் இவகிட்ட என்ன சொல்ல?"

எனக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். அது அவளுக்கே தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

பம்பாய்க்குக் கிளம்பும் முன் மருமகன் சட்டத்தின் பின்பக்கக் கண்ணாடியைக் கழற்றித் தாளை எடுத்துச் சுருட்டி, அதே குழாயில் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் திரும்பப் பொருத்திக் கொடுத்தார். சட்டம் எங்கள் வீட்டில் இருக்கிறது. முன்பக்கம் ஜரிகையோடு கிருஷ்ணர். பின்பக்கம் திருப்பினால் கண்ணாடிக்குள் வெறும் அட்டை. பஸ் நிலையத்தில் சம்பந்தியம்மா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, கன்னத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடமெல்லாம், "எம் மருமக தங்கம். இது எங்க சம்பந்தி செஞ்ச கூத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் வகுப்பில் கிரகணப் பாடம் வந்தது. ஜன்னலைச் சாத்தி, விளக்கை ஏற்றி, பந்தைக் காட்டினேன். நிழல் விழுந்தது. "இது வெறும் நிழல். இதனால் யாருக்கும் எதுவும் ஆகாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஆகாது" என்று வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அப்ப படத்தப் பாத்தா?"

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் அம்மாக்கள் என் கூடத்தில் வெற்றிலை போட்டவர்கள்.

"ஆகாது" என்றேன்.

"நீங்கதான் டீச்சர் ஆகும்னு சொன்னீங்களாம். எங்கம்மா சொன்னாங்க."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பந்து என் கையில் இருந்தது. ஆகாது என்று மறுபடி சொன்னேன், குரலை உயர்த்தி. அவள் கையை இறக்கிவிட்டாள். பெரியவர்கள் பொய் சொல்லும்போது பிள்ளைகள் காட்டும் அந்த மரியாதை அவள் முகத்தில் இருந்தது.

சித்திரையில் மகளும் மருமகனும் லீவுக்கு வருகிறார்கள். பேத்திக்கு நன்றாகப் பேச்சு வந்துவிட்டதாம். எதைப் பார்த்தாலும் ஏன், ஏன் என்று கேட்கிறாளாம்.